பெட்டி செத்துப் போகவில்லை: கிட்டார் ப்ராசஸரை லேப்டாப்பில் செருகினால் வரும் கோளாறுகள்

டிசம்பர் பிறக்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லாருக்கும் ரெக்கார்டிங் ஞாபகம் வரும். கேரல் ரவுண்ட்ஸுக்கு ட்ராக் வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழா முடிவதற்குள் ஒரு பாட்டையாவது யூடியூபில் ஏற்றிவிட வேண்டும். கொயரில் வாசிக்கும் பையனுக்கு வளைகுடாவிலிருந்து மாமா ஒரு கிட்டார் ப்ராசஸர், அதாவது கிட்டார் சத்தத்துக்கு விதவிதமான எஃபெக்ட் போடுகிற பெட்டி, கொண்டுவந்திருப்பார். அப்படி ஒரு தம்பி திங்கள்நகரிலிருந்து பைக்கில் தக்கலைக்கு வந்து, என் மாடி அறையில் பையை இறக்கினான்.

"அண்ணே, பெட்டி செத்துப் போச்சு. லைட்டு எரியுது, ஆனா லேப்டாப்பு கண்டுக்கிடவே மாட்டேங்கு."

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அவன் செருகியிருந்த யு.எஸ்.பி. கேபிள் ஏதோ பழைய பவர் பேங்கோடு வந்தது. அதற்குள் மின்சாரத்துக்கான 2 கம்பி மட்டும்தான் உண்டு, தகவல் போக வேண்டிய 2 கம்பி கிடையாது. என் ஃபோன் கேபிளை எடுத்து மாற்றிச் செருகினேன். 'டிங்' என்றது லேப்டாப். தம்பி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றான். 18 கிலோ பையைத் தூக்கிக்கொண்டு மழையில் வந்தவன் அல்லவா.

அதற்கப்புறம் வந்தவர்களின் தொல்லைகளையும் என் சொந்தத் தொல்லைகளையும் சேர்த்து, என்ன அறிகுறி தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று இங்கே எழுதியிருக்கிறேன். நான் வைத்திருப்பது விண்டோஸும், ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் மென்பொருளும். வேறு மென்பொருள் என்றால் பட்டன்களின் பெயர் மாறும், விஷயம் மாறாது.

தேடத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். யு.எஸ்.பி.யில் சேர்ந்தவுடன் ப்ராசஸர் மூன்று வேலை பார்க்கிறது. டோன் போடுகிறது, லேப்டாப்புக்கு சவுண்ட் கார்டாக இருக்கிறது, ஹெட்ஃபோனுக்குச் சத்தம் கொடுக்கிறது. கோளாறு ஒரு வேலையில் இருக்கும், நாம் இன்னொன்றில் தேடிக்கொண்டிருப்போம். ராத்திரி போவது அப்படித்தான்.

லேப்டாப்புக்கு ப்ராசஸர் இருப்பதே தெரியவில்லை

முதலில் கேபிள். ஃபோனிலிருந்து லேப்டாப்புக்கு ஃபோட்டோ மாற்றிப் பார்த்து, மாறுகிற கேபிள் என்று தெரிந்ததைச் செருகுங்கள். நடுவில் யு.எஸ்.பி. ஹப் இருந்தால் கழற்றிவிட்டு நேராக லேப்டாப்பில் கொடுங்கள்.

அப்புறம் டிரைவர், பெட்டியை லேப்டாப்புக்கு அறிமுகப்படுத்துகிற சின்ன மென்பொருள். விண்டோஸில் பல ப்ராசஸர்களுக்கு அந்தக் கம்பெனியே தருகிற டிரைவரை நிறுவியாக வேண்டும். கம்பெனியின் சொந்தத் தளத்தில், உங்கள் மாடலின் பக்கத்துக்குப் போய் எடுங்கள். ஜூம் கம்பெனியின் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் 'ஜூம் டிரைவர்' என்று தேடினால் மீட்டிங் நடத்துகிற ஜூம் வந்து நிற்கும். அதை நிறுவிவிட்டு "டிரைவர் போட்டாச்சு அண்ணே" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். டிரைவர் போடும்போது ப்ராசஸரைக் கழற்றி வைத்திருங்கள், எப்போது செருக வேண்டும் என்று அதுவே சொல்லும்.

இன்னொன்றும் உண்டு, இதுதான் மனதை நோகடிப்பது. யு.எஸ்.பி. ஓட்டை இருக்கிற எல்லாப் பெட்டியும் சவுண்ட் கார்டு ஆகாது. ஜூம் ஜி1 ஃபோர் இருக்கிறதே, அதன் யு.எஸ்.பி. வழி பேட்ச் (சேமித்து வைத்த டோன்) மாற்றுவதற்கும் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருள்) ஏற்றுவதற்கும் மட்டும்தான், ஒலி அதன் வழியாகப் போகாது. பாஸ் கம்பெனியின் ஜிடி-1 போன்றவற்றில் போகும். வாங்கும் முன் 'யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்ற சொல் விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'யு.எஸ்.பி.' என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா, குடி முழுகிவிடவில்லை. தனி சவுண்ட் கார்டாக வருகிற ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி, ப்ராசஸரின் அவுட்புட்டை அதன் லைன் இன்புட்டில் கொடுங்கள். லேப்டாப்பின் மைக் ஓட்டையில் மட்டும் கொடுக்காதீர்கள். அது மைக்கின் மெல்லிய சத்தத்துக்காகச் செய்தது, ப்ராசஸரின் சத்தம் அதில் நொறுங்கித்தான் விழும்.

பெயர் தெரிகிறது, மீட்டர் அசையவில்லை

ரீப்பரில் கண்ட்ரோல் பி அழுத்தினால் ப்ரிஃபரன்ஸஸ் வரும். ஆடியோ, அதன் கீழே டிவைஸ். அங்கே ஆடியோ சிஸ்டம் என்ற இடத்தில் ஏசியோவை (ஒலியைக் குறைந்த தாமதத்தில் கொண்டுபோகிற டிரைவர் வகை) தேர்ந்து, ப்ராசஸரின் டிரைவரைக் காட்டுங்கள். பிறகு ட்ராக்கின் சிவப்புப் பட்டனை அழுத்தி, பக்கத்தில் இன்புட் எது என்று பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சத்த அளவைக் காட்டுகிற மீட்டர் எழும்பிவிடும்.

எழும்பவில்லை என்றால் பின்னால் வேறு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். கிட்டார் பாடம் ஒன்று பிரவுசரில் ஓடிக்கொண்டிருக்கும், அது ப்ராசஸரைப் பிடித்து வைத்திருக்கும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ரீப்பரைத் திரும்பத் திறங்கள்.

ஆடாசிட்டி என்கிற ரெக்கார்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு பூட்டு. ஆடாசிட்டியின் பல பதிப்புகளில் ஏசியோ கிடையாது, விண்டோஸின் சொந்த வழியாகத்தான் அவை ஒலியை வாங்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதிக்குள் மைக்ரோஃபோன் என்று ஒன்று இருக்கும். அங்கே டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி அணைந்திருந்தால், கிட்டாராக இருந்தாலும் மைக் என்றே நினைத்து வாசலில் நிறுத்திவிடும்.

மீட்டர் ஆடுகிறது, காதில் ஒன்றும் இல்லை

லேப்டாப் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ப்ராசஸரின் ஏசியோ டிரைவரைத் தேர்ந்துவிட்டால் பாட்டு வெளியே வருகிற இடமும் ப்ராசஸர்தான். ஹெட்ஃபோனைக் கழற்றி அதில் செருகுங்கள். இவ்வளவுதான்.

ஒரு தடவை தட்டினால் இரண்டு தடவை கேட்கிறது

ஒரே கிட்டார் இரண்டு வழியில் காதுக்கு வருகிறது. ப்ராசஸரிலிருந்து நேராக ஹெட்ஃபோனுக்கு ஒன்று. லேப்டாப்புக்குள் போய், ரீப்பரைச் சுற்றி, திரும்பி வருவது இன்னொன்று. இடைவெளி அதிகம் என்றால் எதிரொலி போலத் தெரியும், உடனே புரிந்துவிடும். இடைவெளி மிகக் குறைவு என்றால் எதிரொலியாகத் தெரியாது. டோன் உள்ளே குடைந்து, குழாய்க்குள்ளிருந்து வாசிப்பது போல ஆகிவிடும். அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் ஈக்யூவைத் திருகிக்கொண்டிருந்த ஒரு ஆள் எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் கண்ணாடியில் பார்ப்பேன்.

ட்ராக்கில் ஸ்பீக்கர் படம் போட்ட மானிட்டர் பட்டன் இருக்கும், அதை அணையுங்கள். லேப்டாப்பில் ப்ளகின் ஆம்ப் (மென்பொருளாக வருகிற ஆம்ப்) போட்டு அதன் வழியாகத்தான் கேட்க வேண்டும் என்றால் மாற்றிச் செய்யுங்கள்: ரீப்பரின் மானிட்டர் இருக்கட்டும், ப்ராசஸரின் யு.எஸ்.பி. செட்டிங்கில் டைரக்ட் மானிட்டரை அணையுங்கள். இரண்டில் ஒன்றுதான் விழித்திருக்க வேண்டும்.

விரல் முன்னே, சத்தம் பின்னே

இதை நாங்கள் லேக் என்போம். ப்ளகின் ஆம்ப் வழியாக வாசிப்பவர்களுக்குத்தான் இது பெரிய தலைவலி. ப்ராசஸரின் டோனையே பதிவு செய்பவர்கள் மேலே சொன்ன மாதிரி மானிட்டர் பட்டனை அணைத்துவிட்டு நேர்வழியில் கேட்டால் லேக் என்ற பேச்சே இல்லை. ப்ராசஸர் வைத்திருப்பதன் பாதிப் பலன் அதுதான். அதை விட்டுவிட்டு ப்ளகினைத் தேடி ஓடுபவர்களை எனக்குப் புரிவதில்லை.

ப்ளகின்தான் வேண்டும் என்றால் கணக்கு இது. லேப்டாப் ஒலியைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கும். ஒரு பொட்டலத்தில் எத்தனை சாம்பிள் (ஒலியின் ஒரு துளி) என்பதுதான் பஃபர். 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில், 1024 சாம்பிள் நிரம்ப 23 மில்லிசெகண்ட் ஆகும். 256 என்றால் 6-க்கும் குறைவு. 128 என்றால் சுமார் 3. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று இரண்டு தடவை காத்திருக்க வேண்டும், அதற்கு மேல் டிரைவரின் சொந்தத் தாமதமும் சேரும். ரீப்பரின் மேல் மூலையில் இந்த எண்ணெல்லாம் எழுதியே இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு என்றால் தாங்கும்? நம்மூர் வெயிலில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் போகும். 10 மில்லிசெகண்ட் என்றால் ஆம்ப் மூன்றரை மீட்டர் தள்ளி இருப்பது போல. கோயிலில் கொயர் நிற்கிற இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் அதைவிடத் தூரம் உண்டு, யாரும் குறை சொல்வதில்லை. 25-ஐத் தாண்டினால் கை தானாகப் பின்வாங்கத் தொடங்கும், தாளம் இழுக்கும்.

ஆக, பதிவு செய்யும்போது 128 அல்லது 256. எல்லாம் முடிந்து மிக்ஸ் செய்யும்போது 1024-க்குப் போய்விடுங்கள், அப்போது லேக் பற்றிக் கவலை இல்லை. கம்பெனி டிரைவர் இருக்கும்போது பொதுவான ஏசியோ டிரைவரைப் போடாதீர்கள். இல்லாதவர்களுக்குத்தான் அது.

இந்தக் கோளாறுக்கு ஒரு தம்பிக் கோளாறும் உண்டு. வாசிக்கும்போது கேட்பது சரியாக இருக்கும், பதிவானதைத் திரும்பப் போட்டால் கிட்டார் மட்டும் தாளத்துக்குப் பின்னால் நிற்கும். வாசித்தவரைத் திட்டும் முன் அளந்து பாருங்கள். கையில் ஒன்றும் வேண்டாம், ஹெட்ஃபோன் போதும். பேட்சில் டிலே, ரிவெர்ப் என்கிற எதிரொலி எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்து, மானிட்டர் பட்டனையும் அணையுங்கள். ரீப்பரில் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் சத்தத்தை ஒரு ட்ராக்கில் போடுங்கள். ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் கழற்றி, கம்பிகளுக்கு மேலே, பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற காந்தச் சுருள்) ஒட்டினாற்போலப் பிடியுங்கள். ஹெட்ஃபோனுக்குள் இருக்கிற சுருளின் காந்த ஆட்டத்தை பிக்கப் பிடித்துக்கொள்ளும், கிட்டாரே 'டிக் டிக்' என்று சொல்லும். அதை இன்னொரு ட்ராக்கில் பதிவு செய்து, இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு டிக்குக்கும் நடுவில் எத்தனை சாம்பிள் இடைவெளி என்று ரீப்பரே சொல்லும். அந்த எண்ணை ப்ரிஃபரன்ஸஸில் ரெக்கார்டிங் பக்கத்தில் உள்ள ஆஃப்செட் கட்டத்தில் போட்டால், இனிமேல் பதிவாவதெல்லாம் அந்த அளவு முன்னால் நகர்ந்து உட்காரும். பஃபரை மாற்றினால் ஒரு தடவை திரும்ப அளந்துவிடுங்கள்.

பொரி பொரிகிற சத்தம்

முதலில் ஒன்று பார்க்க வேண்டும். பதிவானதை இரண்டு தடவை போட்டுக் கேளுங்கள். பொரிகிற சத்தம் இரண்டு தடவையும் ஒரே இடத்தில் வந்தால் அது பதிவுக்குள் ஏறிவிட்டது, திரும்ப வாசிக்க வேண்டியதுதான். இடம் மாறி மாறி வந்தால் பதிவு சுத்தம், லேப்டாப்புக்கு மூச்சு வாங்குகிறது. பஃபரை ஏற்றுங்கள்.

பதிவிலேயே ஏறுகிறது என்றால் இன்னொரு கேள்வி. ஓங்கி அடிக்கும்போது மட்டும் வருகிறதா, மெல்ல வாசித்தாலும் வருகிறதா? ஓங்கி அடித்தால் மட்டும் என்றால் அது கிளிப், சத்தம் அளவு மீறி உடைவது, கீழே சொல்கிறேன். எப்போதும் வருகிறது என்றால் லேப்டாப்பின் மின்சேமிப்பு வேலைகளைப் பாருங்கள். பவர் ப்ளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பென்ட் என்பதை அணையுங்கள், பதிவு முடிகிற வரை வைஃபையையும் ப்ளூடூத்தையும் அணையுங்கள். வாட்ஸ்அப்பில் கொயர் குரூப் அரை மணி நேரம் சும்மா இருக்கட்டும். இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால் யு.எஸ்.பி. ஓட்டையை மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பின் வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் வித்தியாசம் இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

'ஊம்ம்ம்' என்று ஒரு சத்தம்

இதில்தான் எங்கள் வீடுகள் நம்மைச் சோதிக்கும்.

நம் கரன்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹம் என்பது 50-லும் அதன் மடங்குகளிலும் வரும். 100 ஹெர்ட்ஸ் எங்கே இருக்கிறது தெரியுமா? ஆறாம் கம்பி 3-ஆம் ஃப்ரெட்டின் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். அதற்குக் கொஞ்சம் மேலே. அதனால் எளிய சோதனை ஒன்று: கம்பி எதையும் தொடாமல், கெய்ன் அதிகமான பேட்ச் ஒன்றைப் போட்டு, ப்ராசஸரின் ட்யூனரைப் பாருங்கள். யாரும் வாசிக்காமலே அது ஜி என்று காட்டி, முள் வலது பக்கம் சாய்ந்து நின்றால், வாசிப்பது மின்வாரியம்.

அடுத்து, கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். ஹம் போய்விட்டதா? அப்படியென்றால் அது பிக்கப் வழியாகக் காற்றிலிருந்து வருகிறது. போகவில்லையா? கேபிளிலோ, அடாப்டரிலோ, லேப்டாப் சார்ஜரிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதித் தேடலை வெட்டிவிடும்.

பிக்கப் வழியாக வருகிறது என்றால் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே மெல்லச் சுற்றுங்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று இறங்கும். நாற்காலியை அந்தக் கோணத்தில் திருப்பிப் போட்டுவிடுங்கள், செலவே இல்லாத வைத்தியம். அப்புறம் அறையில் இருப்பதை ஒவ்வொன்றாக அணையுங்கள். என் அறையில் குற்றவாளி சீலிங் ஃபேன். ஃபேன்கூட இல்லை, அதன் ரெகுலேட்டர். படி இல்லாமல் வழுக்கிச் சுற்றுகிற ரெகுலேட்டருக்குள் இருக்கிற டிரையாக், ஒவ்வொரு மின் அலையையும் நடுவில் வெட்டி விடும். அந்த வெட்டு 'ர்ர்ர்' என்ற கூர்மையான சத்தமாக பிக்கப்பில் ஏறும். 1, 2, 3 என்று டக் டக்கென்று படியாகத் திரும்புகிற ரெகுலேட்டர்கள் பெரும்பாலும் கண்டென்சர் வகை, அவை அமைதியானவை. ஏப்ரல் மாதத்தில் ஃபேனை அணைத்துவிட்டு வாசி என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனசு வராது. படி ரெகுலேட்டருக்கு மாற்றினேன், பிரச்சினை தீர்ந்தது.

கரன்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்ததும் சத்தம் இரட்டிப்பாகிறதா? ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் அப்படித்தான். சைன் வேவ் வகையில் இந்தத் தொல்லை குறைவு. மாற்ற முடியாதவர்கள் அந்த நேரத்தில் லேப்டாப்பை பேட்டரியிலும், ப்ராசஸர் பேட்டரியில் ஓடுகிற வகை என்றால் அதையும் பேட்டரியிலும் போட்டு வாசிக்கலாம். ஜிடி-1, ஜி1 ஃபோர் இரண்டும் 4 டபுள்-ஏ பேட்டரியில் ஓடும்.

வால்யூமைக் குறைத்தும் போகாத ஹம்முக்கு முதல் சந்தேகம் லேப்டாப் சார்ஜர். உருவிப் பாருங்கள். நின்றுவிட்டால் அதுதான். பேட்டரியில் ஒரு டேக் எடுங்கள், சார்ஜ் போடுங்கள், அடுத்த டேக் எடுங்கள். எல்லாப் ப்ளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவந்தாலும் பல தடவை அடங்கும்.

கம்பியைத் தொட்டால் ஹம் குறைவது இயல்பு, பிரிட்ஜ் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தொட்டால் விரலில் 'சுர்' என்று இழுத்தால் வாசிப்பதை நிறுத்துங்கள். அது ரெக்கார்டிங் கோளாறு இல்லை, வயரிங் கோளாறு. பழைய ஓட்டு வீடுகளில் 3-பின் சாக்கெட் இருக்கும், அதன் எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் படும்போது அது விளையாட்டு இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஹம் போவதற்காக எர்த் பின்னை உடைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளோடு கிட்டார் பேசாதீர்கள்.

மெல்லிய சத்தத்தை அடைத்துவிடுகிற நாய்ஸ் கேட் எஃபெக்ட் கடைசிதான். அதை முதலில் போட்டால் ஹம் ஒளிந்துகொள்ளும், வாசிக்கும்போது சுரத்தோடு சேர்ந்து வெளியே வரும். நீட்டிப் பிடிக்கிற சுரத்தின் வாலையும் கேட் நறுக்கிவிடும்.

பாட்டு சுருதி ஏறிவிட்டது

ராத்திரி பதிவு செய்தது காலையில் ஒன்றரை ஃப்ரெட் ஏறி, 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 செகண்டில் முடிந்துவிடுகிறது. பேய் இல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை 48-ல் போட்டிருக்கிறீர்கள். மாறிப் போட்டால் அதே அளவு இறங்கி, பாடுபவர் தூக்கத்தில் பாடுவது போலக் கேட்கும். பாஸ் ஜிடி-1 யு.எஸ்.பி.யில் 44.1-ல் ஓடும். ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்ற லைன் 6 பெட்டிகளுக்குள் 48. உங்கள் பெட்டி எது என்று கையேட்டில் பார்த்து, ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் அதே எண்ணைப் போடுங்கள். வீடியோவுக்கு 48 வேண்டுமென்றால் எல்லாம் முடிந்து ஒரே ஃபைலாக ரெண்டர் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம்.

டிஸ்டார்ஷன் கொசு மாதிரி இரைகிறது

ஆம்பில் செருகினால் அருமையான டோன், லேப்டாப்பில் கொசு. காரணம் ஸ்பீக்கர். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அவ்வளவாகப் பேசாது, டிஸ்டார்ஷனின் முள்ளையெல்லாம் அதுவே சீவிவிடும். லேப்டாப்புக்கு நேராகப் போகும்போது சீவ ஆள் இல்லை. பேட்சில் கேபினெட் (கிட்டார் ஸ்பீக்கர் போல ஒலிக்க வைக்கிற எஃபெக்ட்) இருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாஸ் பெட்டிகளில் அவுட்புட் செலக்ட் என்று ஒன்று உண்டு. கன்வென்ஷன் மேடையில் ஆம்பில் வாசித்துவிட்டு வந்திருந்தால் அது ஏதாவது ஆம்பின் பெயரில் நிற்கும், அதை லைன்/ஃபோன்ஸுக்கு மாற்றுங்கள்.

நேர்மாறாக, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலக் கேட்டால் கேபினெட் இரண்டு தடவை ஏறியிருக்கிறது. ப்ராசஸரில் ஒன்று, ரீப்பரில் ப்ளகினாக ஒன்று. ஒன்றைக் கழற்றுங்கள்.

ஒரு காதில் மட்டும்

ட்ராக்கின் இன்புட் மோனோ 1 என்று இருந்தால் ப்ராசஸரின் இடது பக்கம் மட்டும் பதிவாகும். டிலே இடமும் வலமுமாகத் துள்ள வேண்டிய பேட்சில் பாதித் துள்ளல் காணாமல் போகும். ஸ்டீரியோ 1/2 போடுங்கள். ரிதம் கிட்டார் இரண்டு தடவை வாசித்து இடமும் வலமும் வைப்பதானால் மோனோவே மேல்.

கிளிப்

மூன்று இடத்தில் நடக்கும்: கிட்டார் உள்ளே நுழைகிற இடம், பேட்சின் லெவல், யு.எஸ்.பி. அவுட் லெவல். மீட்டர் சிவப்பைத் தொட்ட பிறகு ரீப்பரின் வால்யூம் ஃபேடரைக் குறைப்பதில் பயனில்லை, உடைந்தது உடைந்ததுதான். ஓங்கி அடித்தாலும் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கிற மாதிரி வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் அவ்வளவு குறைவாக எடுப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. கேசட் காலத்து ஆட்கள் சிவப்பு வரை ஏற்றச் சொல்வார்கள். டேப்புக்கு அது சரி.

காய்ந்த கிட்டாரைத் திரும்ப அனுப்பினால் அலறுகிறது

சில பெட்டிகள் எஃபெக்ட் இல்லாத வெறும் கிட்டாரையும் தனி வழியில் தரும், 'ட்ரை' என்பார்கள், காய்ந்த கிட்டார் அதுதான். லைன் 6 ஹீலிக்ஸில் யு.எஸ்.பி. 7 அதற்குத்தான். அதைத் தனி ட்ராக்கில் எடுத்து வைத்தால், பின்னாளில் ப்ராசஸருக்கே திரும்ப அனுப்பி வேறு டோன் போடலாம். அலறல் வருவது, திரும்பி வரும் சத்தத்தைப் பதிவு செய்கிற ட்ராக்கும் அதே வழியில் மீண்டும் ப்ராசஸருக்குள் போவதால். அந்த ட்ராக்கின் மானிட்டரையும், எல்லா ட்ராக்கும் சேர்கிற மாஸ்டருக்குப் போகிற வழியையும் அணைத்துவிட்டு அனுப்புங்கள். ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முயலுங்கள், காதில் வேண்டாம்.

லைட்டே எரியவில்லை

அடாப்டர். கிட்டார் ப்ராசஸர்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடுவில் மைனஸ். வீட்டில் கிடக்கிற வைஃபை ரூட்டர் அடாப்டர் அநேகமாக 12 வோல்ட், நடுவில் ப்ளஸ். பின் அளவு ஒன்றுபோலவே இருக்கும், பொருந்தும், ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அடாப்டரின் முதுகில் சின்ன வட்டப் படம் இருக்கும், அதைப் பார்க்காமல் செருகாதீர்கள். மில்லிஆம்பியரும் பாருங்கள், பெட்டி கேட்பதைவிட அதிகம் இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கினேன், 9 வோல்ட்தான், ஆனால் பேட்ச் மாற்றும்போதெல்லாம் பெட்டி அணைந்து எரிந்தது.

அசைத்தால் வருகிறது, விட்டால் போகிறது

குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வரும் பெட்டிகளை நான் முதலில் மூக்கால்தான் பார்ப்பேன். உப்புக் காற்று. ஜாக்கின் பின்னில் பச்சையாகக் களிம்பு படிந்திருக்கும், அல்லது பளபளப்பு போய் மங்கியிருக்கும். கரன்டையெல்லாம் கழற்றிவிட்டு, பின்னைத் துணியால் துடைத்து, கான்டாக்ட் க்ளீனரை அதன் மேல் லேசாக அடித்து, ஓட்டைக்குள் பத்துத் தடவை செருகி எடுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது பிசுக்காகத் தங்கி, தூசியைச் சேர்த்துவிடும். அப்படியும் போகவில்லை என்றால் சாலிடர் விட்டிருக்கும், டிவி ரிப்பேர்காரரே வைத்துத் தருவார். வாசிக்காத நாளில் பெட்டியை மூடியுள்ள டப்பாவில், மருந்து டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தோடு போட்டு வையுங்கள்.

கடைசியாக இடி. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம், ஐப்பசி இடி தனி ரகம். வானம் கறுத்ததும் அடாப்டரை உருவிவிட்டுக் கீழே போய்விடாதீர்கள். மோடத்திலிருந்து லேன் கேபிள் லேப்டாப்புக்குப் போகிறது, லேப்டாப்பிலிருந்து யு.எஸ்.பி. ப்ராசஸருக்குப் போகிறது. அந்த வழியாகவும் இடி வரும். லேன் கேபிளை முதலில் உருவுங்கள், அப்புறம் யு.எஸ்.பி., அப்புறம் சார்ஜரும் அடாப்டரும். பதிவை சேவ் செய்துவிட்டு.